அலை கிளம்பிய இடம்

"இந்தப் பேச்சக் கெளப்பி வுட்டது நீங்கதான, பாஞ்சாலக்கா?"

தெருக்குழாயடியில் நாலு பேர் பார்க்கச் சக்கரபாணி கேட்டே விட்டான். எதிர்வீட்டுப் பாஞ்சாலை குடத்தை அப்படியே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். மூக்கைச் சிந்திக்கொண்டே, தனக்கே சனிக்கிழமைதான் சேதி தெரியும் என்றாள். வரிசையில் நின்ற அவன் தங்கை கனகா தலையைக் குனிந்துகொண்டாள்.

சேதி இதுதான்: கனகாவுக்கு வலிப்பு நோய் இருக்கிறதாம். பச்சைப் பொய். ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடத்து மாப்பிள்ளை வீட்டார் வந்து, சம்பந்தம் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா இல்லாத வீட்டில், விசாரிக்க வேண்டியவர்களை ஒருவர் விடாமல் விசாரித்து, வரனை முடித்து வைத்தவனே சக்கரபாணிதான். இப்போது விருத்தாசலம் கடைத்தெருவில் எவர் முகத்திலும் விழிக்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

சென்னையில் அவனுக்கு ஆராய்ச்சி உத்தியோகம்; லீவில் ஊருக்கு வந்திருந்தான். பூகம்பம் வந்து கடல் பொங்கினால், அந்த அலை எங்கே கிளம்பியது என்று கண்டுபிடிக்கிற வேலை. கிளம்பிய இடத்தில் நின்று பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். கரைக்குத் தள்ளி நடுக்கடல் தீவுகளில் உள்ள கருவிகளில் அலை எப்போது பதிந்தது என்று பார்ப்பார்கள். அது வந்த வேகத்தை வைத்து, ஒவ்வொரு கருவியிலிருந்தும் பின்னோக்கிக் கோடு போடுவார்கள். கோடுகள் கூடும் இடம்தான் அலை பிறந்த இடம். கரையில் மோதிய பிறகு அளந்தால் கணக்குக் குழம்பிவிடும்.

பாஞ்சாலையின் அழுகை மனதை உறுத்தியதோ என்னவோ, அந்தக் கணக்கையே இதற்கும் போட்டுப் பார்த்தான். தெருக்காரர்களைக் கேட்டுப் புண்ணியமில்லை. ஆளுக்கு ஒரு கண், காது, மூக்கு வைத்துப் பேசினார்கள். ஆகவே வெளியூர்களைப் பிடித்தான். கம்மாபுரத்துக்கு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போதே சேதி வந்துவிட்டது. பெண்ணாடத்துக்கு அன்றைய கடைசி பஸ்ஸில் போயிருக்கிறது. சேத்தியாத்தோப்புக்கு மறுநாள் காலையில்.

எழுபத்தோராம் வருஷத்துக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கோடு இழுத்தான். ஒரு கோடுகூட அவர்கள் தெருவுக்கு வரவில்லை. எல்லாம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போயின. அதுவும் கனகா வேலை பார்க்கும் பொம்மைக் கூடத்தில், வெள்ளிக்கிழமை, பெண்கள் உட்கார்ந்து பேசும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கூடின. சாயங்காலம் வேலை முடிந்ததும் அங்கிருந்துதான் பெண்கள் அவரவர் ஊருக்குப் பிரிவார்கள்.

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. நேரே எதிர்வீட்டுக்குப் போய், தப்புப் பண்ணிவிட்டேன் அக்கா என்று கை கூப்பினான். பாஞ்சாலை முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது கனகா நகக்கண்ணில் காய்ந்திருந்த களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் தாளை விரித்தான்.

"ஒங்கூட ஒக்காந்து சாப்புடுறவள்ல எவ இதச் சொன்னா? பேர மட்டும் சொல்லும்மா. நாளைக்கே பெண்ணாடத்துக்கு அழச்சிக்கிட்டுப் போயி உண்மையச் சொல்ல வெக்கிறேன்."

 கனகா கோடுகள் கூடிய இடத்தில் விரலை வைத்தாள்.

"நாந்தாண்ணா சொன்னேன். இதுக்காக மூணு ஊரு சுத்தி எல்லாரையும் கேட்டீங்க. அந்த மாப்ளய புடிச்சிருக்குதான்னு என்ன ஒரு வார்த்த கேக்கலியே."