முப்பத்தெட்டு அங்குலம்

மூன்றாவது முறையும் நர்ஸ் நாடாவைக் கட்டிலில் கிடந்தவர் வயிற்றைச் சுற்றிப் போட்டாள். மூன்றாவது முறையும் முப்பத்தெட்டு.

“ஏறவே இல்லம்மா,” என்று சொல்லிச் சீட்டில் எழுதினாள்.

நல்ல செய்திதான். கட்டிலருகே நின்ற மனைவிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அவள் தையல்காரி. நாடா சொல்வதை நம்பலாம், அதைச் சுற்றிக்கொள்கிற ஆளைத்தான் நம்ப முடியாது என்று தெரிந்தவள்.

காலையில் தபால் பையோடு கிளம்பிய மனுஷர். சைக்கிள் சறுக்கி, கைப்பிடி இடது விலாவுக்குக் கீழே குத்திவிட்டது. மேலே ஒரு சிராய்ப்புகூட இல்லை. வம்பெல்லாம் உள்ளே என்றார் டாக்டர். மண்ணீரலுக்குப் போகிற ரத்தக்குழாயில் அடியாம். தானாகவே ஆறிவிடவும் கூடுமாம். ஆனால் அது பெரிய குழாய், கசிய ஆரம்பித்தால் வெளியே ஒரு சொட்டு தெரியாது, அத்தனையும் வயிற்றுக்குள் தேங்கி உயிருக்கே உலை வைத்துவிடும். அரை மணிக்கு ஒரு தடவை வயிற்றை அளக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஐம்பது வயதிலும் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட்டை இறுக்கித்தான் தபால் கொடுப்பார். ஆபீஸில் எல்லாரும் ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றும் முப்பத்தெட்டு, இன்றும் முப்பத்தெட்டு என்று தெருவெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அவள் நாடாவைப் பார்ப்பதை விட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. நெற்றி நிறைய வேர்வை. மூச்சு ஓடுவதாகவே தெரியவில்லை.

அடப்பாவி மனுஷா! எக்கிக்கொண்டு கிடக்கிறார்!

நாடா பட்டதும் வயிறு உள்ளே போயாக வேண்டும். சாகக் கிடந்தாலும் அந்தப் பழக்கம் போகாது போலிருக்கிறது.

“ஏங்க, மூச்சை விடுங்க.”

“விட்டுட்டுத்தானே இருக்கேன்,” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

“என்மேல சத்தியம். விடுங்க.”

விட்டார். வயிற்றில் சுற்றியபடியே இருந்த நாடா நழுவி நகர்ந்தது. நாற்பத்திரண்டு.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எக்கினதை விட்டால் யாருக்கும் ஏறத்தானே செய்யும், இது பழைய தொப்பையா புது வீக்கமா என்று எதை வைத்துச் சொல்வது என்றாள்.

“முப்பத்தெட்டுதாம்மா,” என்றார் அவர், பாவம், அப்போதும் விடாமல். “இவளையே கேளுங்க. இவதான் எனக்குத் தைக்கிறா.”

அவள் அவர் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. இத்தனை வருஷம் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய ரகசியத்தை இப்படி நாலு பேர் நடுவில் போட்டு உடைக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வருத்தம்.

“நாப்பது,” என்றாள் நர்ஸிடம். “கடை அளவு நோட்டுலதான் முப்பத்தெட்டு. பத்து வருஷமா நாப்பதுக்குத்தான் வெட்டறேன். மிச்சம் ரெண்டு இஞ்சு இன்னிக்கு வந்தது. டாக்டரைக் கூப்பிடுங்கம்மா, ஓடுங்க!”

நர்ஸ் ஓடினாள்.

டாக்டர் வந்தார், வயிற்றைத் தொட்டார், முகம் மாறியது. தொடை வழியாகக் கம்பி விட்டு அந்தக் குழாயை அடைத்துவிடலாம், இன்னும் அரை மணி போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்.

தள்ளுகட்டில் நகர்ந்தபோது அவர் அவளைக் கிட்டே வரும்படி ஜாடை காட்டினார். ஏதோ கடைசி வார்த்தை சொல்லப் போகிறாரோ என்று பயந்தாள். குனிந்தாள்.

“நான் மொதமொதல்ல உன் கடைக்குச் சட்டை தைக்க வந்தேனே, அன்னிக்காவது முப்பத்தெட்டுதானே?”

“முப்பத்தொம்போது,” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எனக்காக மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, அதைப் பார்த்துத்தானே கட்டிக்கிட்டேன்.”