கிளட்ச் இறுகிய நாள்

"ஏம்ப்பா, அந்த மாமாவ அப்படி ஏசுனிய?"

ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பும்போது பைக்கின் பின்சீட்டில் இருந்த மகள் மீனு கேட்டாள்.

"போன வாரந்தான் கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டான். அதுக்குள்ள இறுகிட்டு. ஏசாம கொஞ்சவா செய்வாவ?" என்றார் செந்தில்வேல்.

அவர் போட்ட கூச்சலில், தன் ஸ்கூட்டரைப் பழுதுபார்க்கக் கொடுக்க வந்திருந்த சண்முகநாதன் வாத்தியார் அப்படியே திரும்பிப் போய்விட்டார். மெக்கானிக் குத்தாலிங்கமோ கேபிளை உருவி மோந்து பார்த்துவிட்டு, "எந் தப்புதான் அண்ணாச்சி" என்று வேறு கேபிள் மாட்டிக் கொடுத்தார்.

"அவரு தப்பு இல்லப்பா. எண்ணெய் விட்டதும் கைவலி போச்சுன்னு சொன்னியள்லா? அதான் நானும் கொஞ்சம் தேங்காண்ணெய் ஊத்துனேன். மாமா கண்டுபிடிச்சுட்டாரு. நான் அழப் போனேன். பேசாம இருன்னு கண்ணக் காட்டுனாரு."

குற்றாலத்துச் சாரல் குளிரில் தேங்காயெண்ணெய் உறையும் என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? செந்தில்வேலுக்கு முகம் கூசியது.

மகளை வீட்டில் விட்டுவிட்டு, நேரே வாத்தியார் வீட்டுக்குப் போனார்.

"சார், கேபிளுக்குத் தேங்காண்ணெய் ஊத்திக் கெடுத்தது நாந்தான். குத்தாலிங்கம் நல்ல வேலைக்காரன். நான் வந்தத மட்டும் அவன்கிட்ட சொல்லாதிய."

வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். செந்தில்வேல் தலைகுனிந்து நின்றார்.

மறுநாள் காலையில் வாத்தியாரின் ஸ்கூட்டர் குத்தாலிங்கத்தின் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. செந்தில்வேல் எதிர்ச்சாரியில் வந்தவர், அதைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனார்.