ஈரத் தலை

கொஞ்ச நாளாகவே தங்கையின் கணவர் வேலை முடிந்து தலை ஈரமாகத்தான் வீடு திரும்புகிறார். காலையில் போட்டுக்கொண்டு போன சட்டையும் இல்லை. சோப்பு வாசனை வேறு.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி, பேக்கரியில மாவு பிசையறவர் எங்க குளிச்சுட்டு வர்றார்?"

தங்கை ஜன்னலோரம் படுத்தபடி திரைச்சீலை எழுந்து அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு கட்டிலில் கிடக்க, மனசு மட்டும் எங்கோ மிதக்கிற மாதிரி இருந்தது.

"தெரியலக்கா."

"கேக்க மாட்டியா?"

"அதுக்குத் தெம்பு வேணாமா?"

நாற்பது வயதுவரை கணவர் சுட்ட ரொட்டியும் பன்னுமாகத் தின்று வளைய வந்தவள்தான். திடீரென்று வயிறு முறுக்கிக்கொண்டது. சிலியாக் நோய் என்றார் டாக்டர். கோதுமை கலந்த எதுவும் இனி ஆகாது.

"இத்தனை வருஷம் ஒத்துக்கிட்டது இப்ப எப்படிடி ஒத்துக்காமப் போகும்?"

"பிறவியிலேயே ஒரு வாகு இருந்திருக்குமாம்க்கா. பேசாமத் தூங்கிக்கிட்டிருக்குமாம். ஏதோ ஒரு காய்ச்சல், ஒரு பிரசவம், இல்ல ஒரு பெரிய கவலை வந்து எழுப்பி விட்டுடலாமாம். எனக்கு எது எழுப்புச்சுன்னு டாக்டருக்கும் தெரியலையாம்."

"தெரியாததுக்கு ஒரு பேரு, அதுக்கு ஒரு ஃபீஸு!"

தங்கை சிரித்தாள். அக்கா தன் வீட்டில் வைத்துக் கொண்டுவந்த சூப்பை ஊதி ஊதிக் குடித்தாள்.

"இது மட்டும்தான்க்கா உள்ள இறங்குது."

பத்தியத்தில் தேறி வந்தவள், மறுபடி துவண்டு போயிருந்தாள். புருஷன் போக்கு இப்படி இருந்தால் உடம்பு எங்கே தேறும் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

மறுநாள் மாலை நேராக பேக்கரிக்கே போய்விட்டாள். பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம்.

குழாயடியில் அவர். நகக்கண்களை பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்த முற்றத்தில் வெள்ளையாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆணியில், பிளாஸ்டிக் பைக்குள் மாற்றுச் சட்டை.

"அவகிட்ட சொல்லிடாதீங்க அக்கா" என்றார் பதறி.

"என்ன மாப்பிள்ளை இதெல்லாம்?"

"துளி மாவு கூட அவ வயித்துக்குள்ள போகக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே. வீட்டுலதான் மாவே கிடையாது. சமையலும் நீங்களே பாத்துப் பாத்துப் பண்றீங்க. அப்ப எங்கேர்ந்து போகுது? என் தலையிலயும் கையிலயும் ஒட்டிக்கிட்டுத்தான் போகணும்."

அவர் அடுத்த கையைத் தேய்க்கத் தொடங்கினார்.

"இப்படிக் குளிச்சும் தேறல. அதான் கடையைக் கொடுத்துடறதா ஒருத்தர்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு வர்றார். வேற தொழில் தெரியாதுதான். ஆனா அவ எழுந்து நடக்கணும்ல?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா மெதுவாக வந்து அவர் பக்கத்தில் குந்தினாள்.

"கடையைக் கொடுக்காதீங்க. அந்த பிரஷ்ஷை இப்படிக் குடுங்க மாப்பிள்ளை, தேய்க்க வேண்டியது என் கையைத்தான். சூப்பு கெட்டியா இருந்தா தெம்புன்னு, அதுவும் கோதுமைதான்னு யோசிக்காம, தினமும் ஒரு கரண்டி மைதா கலந்தவ நான்."