முந்தானையில் முடிந்த பூச்சி

கண்ணில் பூச்சி பறப்பதாகச் சவுரிராயன் சொல்லத் தொடங்கியதிலிருந்து அவர் பெண்டாட்டி அந்தோணியம்மாள் சும்மா இருக்கவில்லை. திண்டிவனம் வீட்டில் அவர் முகத்துக்கு நேரே கையை வீசிப் பிடிப்பாள். பிடித்ததை முந்தானையில் முடிந்துகொள்வாள். அவருக்குப் பார்வை கொஞ்சம் தெளியும்.

விழுப்புரத்துக் கண் டாக்டர் வேறு விதமாகச் சொன்னார். கண்ணுக்குள்ளே புற்றுநோய் இருக்கலாம். உள்ளிருக்கும் நீரை எடுத்துப் பார்த்து உறுதியானால்தான் மருந்து கொடுக்க முடியும்.

"இருக்கிற கண்ணையும் நோண்டி அவிச்சிட்டு அனுப்பப் போறானுங்க" என்று திட்டிக்கொண்டே சவுரிராயன் ஊசிக்குக் கண்ணைக் காட்டினார்.

சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை.

"நோயோட செல்லு ஒண்ணுகூட அதுல இல்லீங்க பெரியவரே. இன்னொரு தரம் எடுக்கணும்" என்றார் டாக்டர்.

"எனுக்கு அப்பவே தெரியும், இவனுங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

அந்தோணியம்மாளின் முகம் சுண்டிப்போனது. அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஒரு முடிச்சை அவிழ்த்தாள்.

"கண்ணத் தொறய்யா. டாக்டரு தேடறத நான்ல வச்சிக்கினு இருக்கேன்."

"பைத்தியமாடி உனுக்கு?" என்றபடியே கண்ணை அகலத் திறந்தார். பூச்சிகள் மறுபடி பறந்தன.

இரண்டாம் முறை எடுத்த நீரில் நோய் தெரிந்தது. மருந்து தொடங்கினார்கள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் சவுரிராயன் அவள் முந்தானையைப் பார்த்தார். இன்னும் முடிச்சுகள் இருந்தன.

"எல்லாத்தையும் அவுத்து உடலியாடி?"

"டாக்டருக்குக் கொஞ்சம் போதும்யா" என்று சொல்லிவிட்டு அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

ஜன்னல் மூடியிருந்தது. அவர் மடியில் கிடந்த முடிச்சுகள் மெல்ல அசைந்தன. அவிழ்ந்துவிடாமல் திண்டிவனம் வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தார்.