முப்பத்திரண்டாவது வண்டி

"அந்தச் சங்கிலிய வண்டியில மாட்டுனீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும், ஹார்லன்" என்றாள் மார்லா, பள்ளத்தில் மூக்கு குத்திக் கிடந்த வேனின் ஜன்னல் வழியாக.

நான் டிராக்டரிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தேன்.

எழுபத்தொரு வயதில் ஒரு பெண்ணிடம் திட்டு வாங்குவது எனக்குப் புதிதல்ல. உதவப் போய்த் திட்டு வாங்குவதுதான் புதிது.

என் மக்காச்சோள வயலை ஒட்டி இந்தச் சரளைச் சாலை சட்டென்று திரும்பும். நவம்பரில் முதல் பனி உறைந்ததும் யாராவது ஒருவர் திரும்பாமல் நேரே போவார். நான் டிராக்டரைக் கிளப்புவேன். இருபது வருடத்தில் முப்பத்தொரு வண்டி. யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. மறுநாள் அவர்கள் வீட்டில் சுட்ட ஓர் ஆப்பிள் பை பலகாரம் வரும், அதோடு சரி.

போலீஸ், இன்சூரன்ஸ், ஊர்ப் பேச்சு என்று பக்கத்து வீட்டுக்காரனை அலையவிடுவது எங்கள் அயோவாவில் வழக்கமில்லை.

மார்லாவும் இந்தப் பக்கத்துப் பெண்தான். பல்கலைக்கழகத்துச் சாலைப் பாதுகாப்பு உதவி மையத்தில் வேலை. மாவட்டம் மாவட்டமாக வேனில் போய், எந்தச் சாலையில் ஆட்கள் சாகிறார்கள், எங்கே கைகால் போகிறது என்று பார்த்து, அதைக் குறைக்க அங்கங்கே உள்ள சாலைத் துறைக்கு வழி சொல்பவள்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தேவாலயக் கூடத்தில் ஒரு வரைபடத்தை விரித்தாள். உயிர் போன இடத்திலும் பலத்த காயம்பட்ட இடத்திலும் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். புள்ளி உள்ள சாலைக்குத்தான் அம்புக்குறிப் பலகையும் அகலமான ஓரமும் போட மாநிலம் பணம் தருமாம். எங்கள் வளைவில் பேருக்கு ஒரு புள்ளி கூட இல்லை.

நான் எழுந்து என் முப்பத்தொரு வண்டிக் கதையைச் சொன்னேன். பக்கத்துப் பண்ணை டெல்மரின் மகள் ஜோலினுக்கு அதே வளைவில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது, நானே என் டிரக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்ததையும் விட்டுவைக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

மார்லா தட்டவில்லை. "இதெல்லாம் எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

எங்கேயும் இல்லை.

இன்று வளைவை அளக்க வந்தவள் தானே போய் விழுந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தாயே, அஞ்சே நிமிஷம், மேல இழுத்துப் போட்டுர்றேன். ஊர் ஊரா போய்ப் பாடம் எடுக்கறவளே பள்ளத்துல கிடக்கான்னு தெரிஞ்சா, காபிக்கடைல ஒரு மாசத்துக்கு உன் பேச்சுதான் ஓடும்."

"ஓடட்டும். போலீசுக்குச் சொல்லிட்டேன். அவங்க வந்து எழுதற வரைக்கும் வண்டி ஒரு இஞ்ச் நகராது."

"உங்க ஆபீஸ்ல சும்மா விடுவாங்களா?"

"விடமாட்டாங்க. பாத்துக்கறேன்."

"சரி, எழுதிக்கோ. அதுக்கு ஏன் குளிர்ல உக்காந்திருக்க? வீட்டுக்கு வா, சூடா சூப் இருக்கு."

"வரல."

வாயைத் திறந்தால் கௌரவம் குறைந்துபோய்விடும் என்பதுபோல் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்திருந்தது. பிடிவாதக்காரிகளுக்குப் பனியிலும் வியர்க்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் செஞ்சதெல்லாம் தப்பு, அப்படித்தான?"

"ஜோலின் இன்னும் நொண்டிக்கிட்டுத்தான் நடக்கறா. ஆனா காகிதத்துல அவ விழவே இல்ல, ஹார்லன். விழாத பொண்ணுக்காக யாரு பலகை நடுவாங்க?"

சுருக்கென்று இருந்தது. ஜோலினை இந்தக் கையால் தூக்கியவன் நான். என்னிடமே இப்படிப் பேசுகிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு டிராக்டர் படியில் உட்கார்ந்தேன். போயிருக்கலாம். போகவும் மனம் வரவில்லை. அவ்வப்போது ஒரு குத்தல் பேச்சு மட்டும் வீசினேன்.

ஷெரிஃப் அலுவலகத்துப் போலீஸ்காரன் ட்ராவிஸ் வந்து சேர நாற்பது நிமிடமானது. பள்ளத்தில் இறங்கி, சறுக்கிய தடத்தைப் பார்த்து, படிவத்தை எடுத்து ஜன்னலில் வைத்து எழுத ஆரம்பித்தான். இடம், நேரம், பனி.

"காயம் எதுவும் இல்லல்ல மேடம்?" என்று கேட்டுக்கொண்டே பேனாவை 'இல்லை' என்ற கட்டத்துக்குக் கொண்டுபோனான்.

"இருக்கு" என்றாள் மார்லா. "வலது கால், முட்டிக்குக் கீழ. எலும்பு உடைஞ்சா அது பலத்த காயம்னு உங்க படிவமே சொல்லுது. அந்தக் கட்டத்துல போடுங்க. போட்டுட்டு ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க."

நான் ஓடிப்போய் ஜன்னலுக்குள் குனிந்தேன். இத்தனை நேரம் அவள் முகத்தைத்தான் பார்த்திருந்தேன். பிரேக் மிதிக்குக் கீழே அவள் பாதம், பாதம் திரும்பக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது.

நாற்பது நிமிடம் அவளைக் கிண்டல் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

"அடிப்பாவி, என்கிட்ட ஏன்டி சொல்லல?"

வெளுத்துப்போன உதட்டோடு அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

"சொல்லியிருந்தா, என்னையும் அள்ளிப் போட்டுக்கிட்டுப் பறந்திருப்பீங்களே."