ஐந்தருவியில் ஒரு விசில்

ஐந்தருவியில் அனுமார் வால் மாதிரி நீண்டு கிடந்த ஆண்கள் வரிசையைப் பார்த்ததும் முத்துராஜுக்குப் பொறுக்கவில்லை. விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினான்.

"ஏலே, ஒத்த வரிசையா நில்லு! பல ஊரு, பல பாஷைக்காரங்க வார இடம். ஆளுக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா?"

ஒட்ட வெட்டிய தலையும் காக்கி டவுசருமாக நின்றவனைப் பார்த்ததும், இடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கினார்கள். இந்திக்காரப் பையன்களை, "பையா, லைன், லைன்!" என்று அதட்டினான். ஓரமாக நுழையப் பார்த்த மலையாளப் பெரியவரை வரிசையின் கடைசிக்கே அனுப்பினான்.

"சரி சாரே" என்று அவர் சிரித்துக்கொண்டே போனார்.

இப்படி ஒழுங்குபடுத்திக்கொண்டே முன்னால் வந்தவன், அருவி வந்ததும் சுகமாகத் தலையைக் கொடுத்தான்.

"எந்த ஸ்டேஷன் சார்?" என்றார் பக்கத்தில் குளித்தவர்.

"ஸ்டேஷனா? நமக்குச் சுந்தரபாண்டியபுரத்துல அரிசிக்கடை அண்ணாச்சி. கூட்டத்தைப் பாத்தேன், வெளிய கடையில ஒரு விசில் வாங்குனேன்."

அவன் சிரித்து முடிக்கவில்லை, முதுகுக்குப் பின்னால் காது கிழிய ஒரு விசில்.

"மதி சாரே, குளிச்சது போதும், மாறுங்க! பல பாஷைக்காரர் வர்ற இடமல்லே? பொறுப்பு வேண்டே?"

அதே மலையாளப் பெரியவர். முத்துராஜ் வாயைப் பிளந்துகொண்டு அவர் கையில் இருந்த விசிலைப் பார்த்தான்.

"நீங்க வாங்கும்போ நான் நேர் பின்னால நின்னேன். அதே கடைதான். எங்க பஸ்ல வந்த நாப்பது பேரும் இப்போ விசில் வாங்க அங்கே வரிசையில நிக்கறாங்க!"