பனிப்பாளத்தின் வழியனுப்பு

வடகோடிக் கடல்மேல் ஒரு பனிப்பாளம் மிதந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வருவதுதான் காற்றின் வேலை. கீழே குளிர் குறையாதவரை காற்றும் தன் வட்டத்தைவிட்டு விலகியதில்லை.

ஒரு கோடையில் பனிப்பாளம் இளைத்துப்போனது. விரிசல்கள் வழியே கடலின் சூடு மேலே வந்தது. காற்றுக்குத் தடம் தவறிவிட்டது. தெற்கே எங்கெங்கோ அலைந்துவிட்டு ஒருநாள் திரும்பி வந்தது.

"என்னக்கா, இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்ட?" என்று பதறியது. "நான் வெறுங்கையோட வரல. தெற்கேயிருந்து உனக்காகக் கொஞ்சம் வெதுவெதுப்பு கொண்டாந்திருக்கேன்."

சொல்லிக்கொண்டே அக்காவைக் கட்டிக்கொண்டது. பாளத்தின் ஓரம் மளுக்கென்று உடைந்தது. அங்கே நீச்சல் தெரியாத குட்டியோடு படுத்திருந்த கடல்நாய் அவசரமாக நடுப்பக்கம் நகர்ந்தது.

"அதோட கை சுடுதுன்னு சொல்லேன்," என்று பனிப்பாளத்திடம் கிசுகிசுத்தது.

"நான் இளைச்சதாலதானே அது வழி தெரியாம அலையுது. இவ்வளவு ஆசையா வந்த புள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?"

காற்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பியது. "உன்னை இப்படி விட்டுட்டுப் போக மனசே வரலக்கா."

கடல்நாய் பனிப்பாளத்தையே பார்த்தது. இனிமேல் வராதே என்று ஒரு வார்த்தை போதும். பனிப்பாளமும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தது. ஆனால் கிளம்பி நிற்பவரிடம் அப்படிச் சொல்லி அதற்குப் பழக்கமில்லை.

"போயிட்டு வா தம்பி," என்றது.

கடல்நாய் குட்டியைத் தட்டி எழுப்பியது. "எந்திரிடா. இன்னிக்கே நீச்சல் கத்துக்கணும்."